வெயில் கூடினால் மழை கூடுமா, குறையுமா?

விளாத்திகுளம் பக்கத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு ஆறு ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. கிணறும் கிடையாது, கால்வாயும் கிடையாது. வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துக் காத்திருப்பார். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "பூமி சூடாகிறது, அதனால் மழை கொட்டப் போகிறது என்கிறார்கள். அதே சூட்டினால்தான் வறட்சியும் வரும் என்கிறார்கள். எதை அப்பா நம்புவது?"

இரண்டையும் நம்ப வேண்டியதுதான் என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. போதாதுதான். ஒரே காரணம் எப்படி வெள்ளத்தையும் வறட்சியையும் கொண்டுவரும் என்பதைப் படிப்படியாகச் சொன்னால்தான் விளங்கும். அவருக்குச் சொன்னதையே இங்கே இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பருவமழை எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்குக் கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு இது தெரியும். மணல் காலைப் பொசுக்கும்; நாலு எட்டு ஓடி அலையில் கால் நனைத்தால் குளிரும். மணலிலும் அலையிலும் விழுவது ஒரே வெயில்தான். ஆனால் நிலம் சட்டென்று சூடேறும், கடல் மெல்லச் சூடேறும். இதையே ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடையில் வட இந்தியச் சமவெளி காய்ந்து தகிக்கிறது. அதன் மேலிருக்கும் காற்று சூடாகி மேலே எழுகிறது. காலியாகும் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. எட்மண்ட் ஹேலி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1686-இலேயே பருவக்காற்றுக்கு இந்த விளக்கத்தை எழுதிவைத்தார்.

பின்னால் வந்தவர்கள் இதோடு பலவற்றைச் சேர்த்தார்கள். சூரியன் வடக்கே நகரும்போது நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைப்பட்டையும் அதன் பின்னாலேயே வடக்கே நகர்கிறது. பூமி சுழல்வதால் நிலநடுக்கோட்டைத் தாண்டும் காற்று வலப்பக்கம் வளைந்து, தென்மேற்கிலிருந்து நம்மை நோக்கி வருகிறது. அந்தக் காற்றில் இருக்கும் நீராவி மேகமாகக் குளிரும்போது, ஆவியாவதற்காக அது கடலில் வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்க, இன்னும் ஈரக்காற்று உள்ளே வருகிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் மழையே மழையை இழுத்துக்கொண்டு வரும். இப்படித்தான் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியா முழுவதற்கும் சராசரியாக 87 செ.மீ. மழை கிடைக்கிறது. நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை ஈரத்தை வாங்கிக்கொண்டு நமக்கு மிச்சக் காற்றைத்தான் அனுப்புகிறது. நம்முடைய முறை ஐப்பசியில் வருகிறது. சூரியன் தெற்கே போகிறது, வடக்கே நிலம் குளிர்கிறது, காற்று திசை திரும்பி வங்கக்கடலின் மேலாக வடகிழக்கிலிருந்து வீசுகிறது. கீழைக்காற்றுக்கும் மேகத்துக்கும் கொண்டல் என்று ஒரே பெயரை வைத்தவர்கள் நம் முன்னோர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் மழை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு இயல்பாகக் கிடைப்பது சுமார் 44 செ.மீ. நம் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அது.

இனி பூமி சூடாவதை இதற்குள் கொண்டுவருவோம்.

மார்கழியில் கொடியில் போட்ட ஈர வேட்டி சாயங்காலம் வரை ஈரமாகவே தொங்கும். சித்திரையில் அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடும். சூடான காற்றுக்குத் தாகம் அதிகம், கொள்ளளவும் அதிகம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவி இருக்க முடியும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம் வரை இருக்கலாம். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் இந்த அளவு ஏறத்தாழ 7 சதவீதம் ஏறுகிறது. இது மழை பற்றிய ஊகமல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட இயற்பியல் விதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை 1.1 டிகிரி கூடியிருந்தது. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951-க்கும் 2015-க்கும் இடையில் மட்டும் சுமார் 1 டிகிரி சூடேறியது. ஒரு டிகிரி என்றால் கேட்பதற்குச் சின்ன அளவுதான். ஆனால் ஒரு கடலின் மேற்பரப்பு முழுவதும் ஒரு டிகிரி ஏறுவது என்றால், அதன் மேல் நிற்கும் காற்றுக்கு எவ்வளவு கூடுதல் நீராவி கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் ஒரு டிகிரிக்கு 7 சதவீதம் மழையும் கூட வேண்டும்தானே? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். விஷயத்தின் உயிர்நாடியும் இங்கேதான் இருக்கிறது. உலகின் மொத்த மழை ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடுகிறது. நீராவி மேகமாகும்போது வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்கு வெளியேற்றியாக வேண்டும். எவ்வளவு வேகத்தில் அதை வெளியேற்ற முடியுமோ அவ்வளவு மழைதான் மொத்தத்தில் பெய்ய முடியும். அந்த வேகம் 7 சதவீத விகிதத்தில் ஏறுவதில்லை.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவை 7 சதவீதம் பெரிதாக்கிவிட்டீர்கள். ஆனால் அதை நிரப்பும் மோட்டாரின் வேகத்தை 2 சதவீதம்தான் கூட்டினீர்கள். என்ன நடக்கும்? தொட்டி நிரம்ப முன்னைவிட அதிக நேரம் பிடிக்கும். நிரம்பியபின் திறந்துவிட்டால் முன்னைவிட அதிகத் தண்ணீர் ஒரே மூச்சில் கொட்டும். வானத்திலும் இதுதான் நடக்கிறது. பெய்யும்போது கொட்டுகிறது, பெய்யாத நாட்கள் நீள்கின்றன. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிரான இரண்டு செய்திகள் அல்ல. ஒரே தொட்டி கொட்டுகிற நேரமும் காலியாகிக் கிடக்கிற நேரமும் அவை.

பெரியப்பாவுக்கு இதை விளக்கப் பழமொழி ஒன்று கைகொடுத்தது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். அடைமழை என்றால் நாள் கணக்கில் விடாமல் நின்று பெய்வது. கனமழை என்றால் ஓங்கிப் பெய்து ஓய்வது. சூடேறும் உலகில் அடைமழையின் பங்கு சுருங்கி, கனமழையின் பங்கு பெருகுகிறது என்று சொன்னதும் அவர் தலையசைத்தார்.

நிலத்துக்கு இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 20 செ.மீ. என்றால் 8 லட்சம் லிட்டர். ஒரு பேச்சுக்கு, இந்த 8 லட்சம் லிட்டரும் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதங்களிலும் பத்துத் தவணையாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கரிசல் மண் ஒவ்வொரு தவணையையும் குடித்துவிடும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண் இது. முதல் மழையில் வெடிப்பின் வழியே தண்ணீர் ஆழத்துக்கு இறங்கும், மண் பொதும்பி வெடிப்பு மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் உறிஞ்சும். அதே 8 லட்சம் லிட்டர் ஒரே இரவில் இறங்கினால்? வெடிப்பெல்லாம் சீக்கிரமே மூடிவிடும். மீதியெல்லாம் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடைக்கு ஓடும். ஓடை தூர்ந்திருந்தால் காட்டிலேயே நிற்கும், வேர் மூச்சுமுட்டி அழுகும். மழைமானியில் இரண்டுக்கும் ஒரே எண்தான் பதிவாகும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மழைக்கும் மழைக்கும் நடுவே வரும் வெயில் நாட்களில், சூடான காற்று அந்தத் தாகத்தோடு மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மண்ணில் இருக்கும் ஈரம் முன்னைவிடச் சீக்கிரமே தீர்ந்துவிடலாம். மழையின் அளவு குறையாமலேயே பயிர் வாடுவது இப்படித்தான்.

இந்தியாவில் பதிவான கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் ஒரு மதிப்பீட்டு அறிக்கை வெளியிட்டது. 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் தென்மேற்குப் பருவமழையின் மொத்த அளவு சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது என்கிறது அது. ஏறக்குறைய அதே காலத்தில் மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 15 செ.மீ.க்கு மேல் கொட்டும் நிகழ்வுகள் சுமார் 75 சதவீதம் கூடியிருக்கின்றன என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. மொத்தம் குறைகிறது, கொட்டுவது கூடுகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோலும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, மத்திய இந்தியாவில் பரந்த பகுதியில் பெய்யும் அதிதீவிர மழை நிகழ்வுகள் 1950-இலிருந்து மும்மடங்காகியிருப்பதைக் காட்டியது. அரபிக்கடலிலிருந்து திடீர் திடீரென்று பெருக்கெடுத்து வரும் ஈரக்காற்றுதான் இதற்குக் காரணம் என்றார்கள்.

மொத்தம் ஏன் குறைந்தது என்று உடனே கேட்கத் தோன்றும். கடற்கரை மணலையும் அலையையும் மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே வெப்ப வேறுபாடு இருந்தால்தான் காற்று வலுவாக உள்ளே வரும். இந்தியப் பெருங்கடல் மளமளவென்று சூடேறியதால் அந்த வேறுபாடு மெலிந்தது. இன்னொரு பக்கம், தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் வாகனங்களும் விறகடுப்புகளும் கக்கிய புகையின் நுண்துகள்கள் வானத்தில் மெல்லிய திரை போட்டு வெயிலைத் தடுத்தன. நிலம் சூடேற வேண்டிய அளவுக்குச் சூடேறவில்லை. கடல் சூடேறி, நிலம் தணிந்தால், பருவக்காற்றின் இழுவிசை தளரத்தானே செய்யும்? பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு கூட்டியிருக்க வேண்டிய மழையை இந்தப் புகைத்திரை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமுக்கி வைத்தது என்பதே ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-இல் சொன்னது.

ஆனால் புகை சில நாட்களிலோ வாரங்களிலோ மழையோடு கரைந்து கீழே இறங்கிவிடும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் மேலேயே தங்கும். மக்களின் நுரையீரலுக்காகப் புகையைக் குறைத்தே ஆக வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. புகை குறையக் குறைய வெப்பத்தின் கை ஓங்கும். அதனால்தான் இந்த நூற்றாண்டின் போக்கில் தெற்காசியாவின் பருவமழை மொத்தத்தில் கூடும் என்றே அந்தக் குழு கணிக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமும் பெரிதாகும் என்பதையும் கூடவே சொல்கிறது. "மழை கூடும்" என்ற முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதி அடைவது எனக்கு ஆபத்தாகப் படுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பருவமழை எந்தக் காலத்திலும் ஒரே சீராகப் பெய்ததில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். அப்போது பசிபிக் பெருங்கடலில் மிகக் கடுமையான எல் நினோ இருந்தது. அந்தக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப்பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகிவிடுவதுதான் எல் நினோ. அது வந்தால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் தளரும்; வடகிழக்குப் பருவமழைக்கோ அது பெரும்பாலும் சாதகமாக இருக்கும். 2015 எல் நினோ ஆண்டு. சென்னை மூழ்கியது அந்த டிசம்பரில்தான். அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. மூழ்கியதற்கும் காய்ந்ததற்கும் நடுவே ஓர் ஆண்டுதான் இடைவெளி. இந்த ஊசலாட்டம் இயற்கையானது. பூமியின் சூடு அந்த ஊசலை இன்னும் வீசி ஆட்டுகிறது.

ஆகவே ஏதோ ஒரு வெள்ளத்தைக் காட்டி "இது காலநிலை மாற்றத்தால் வந்தது" என்று ஒரே வரியில் சொல்வது சரியாக இருக்காது. சூடேறாத உலகில் இதே மழை எவ்வளவு பெய்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்பதே முறை. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்களே, அந்த மழையைப் பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று இப்படி ஆராய்ந்தது. மனிதர்கள் ஏற்படுத்திய வெப்பமேற்றம் அந்த மழையைச் சுமார் 10 சதவீதம் கனமாக்கியது என்பது அவர்கள் முடிவு. 10 சதவீதம்தானா என்று தோன்றலாம். ஊறி நிற்கும் மலைச்சரிவு கடைசிச் சொட்டு வரை தாங்கி நிற்கும். எந்தச் சொட்டில் சரியும் என்பதுதான் கேள்வி.

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்கு 2023 டிசம்பர் வந்தது. 18ஆம் தேதி காலை முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மேலே சொன்ன எண்களோடு வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மூன்று மாதத்தில் கிடைக்க வேண்டியது 44. இந்தியாவுக்கு நான்கு மாதத்தில் கிடைக்க வேண்டியது 87. காயல்பட்டினத்துக்கு ஒரே நாளில் 95. அதைக் கொண்டுவந்தது பெயர் வைத்த புயல்கூட அல்ல. குமரிக்கடல் பக்கம் நிலவிய ஒரு காற்றுச் சுழற்சி. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தது. பெரியப்பாவின் காட்டில் தண்ணீர் வடிய மூன்று நாளாயிற்று. விளைந்து நின்ற உளுந்து செடியிலேயே முளைத்துவிட்டது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நெற்று பிளந்து, வெள்ளை முளை ஒரு விரற்கடை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

அளவு மட்டுமல்ல, காலமும் தவறினால் கெடுதிதான். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த பெருமழையில் டெல்டாவின் சம்பா நெல் அறுவடைக்கு நின்ற இடத்திலேயே சாய்ந்தது. ஐப்பசியில் கைகூப்பி வரவேற்கும் அதே மழை, தை மாதத்தில் களத்தில் இறங்கினால் அழிவு.

"இந்த ஆண்டு பருவமழை இயல்பான அளவு" என்ற செய்தியைப் பார்க்கும்போது எனக்கு இப்போதெல்லாம் 2023-இன் தென்மேற்குப் பருவமழைதான் நினைவுக்கு வரும். பருவத்தின் முடிவில் கூட்டிப் பார்த்தால் இயல்பில் 94 சதவீதம். பார்வைக்கு மோசமில்லை. ஆனால் அந்த ஆகஸ்ட், 1901-இலிருந்து பதிவான ஆகஸ்டுகளிலேயே மிக வறண்டது. ஜூலையிலும் செப்டம்பரிலும் பெய்தது அந்த ஓட்டையைக் கணக்கில் அடைத்துவிட்டது, வயலில் அடைக்கவில்லை. ஆகவே மொத்த அளவோடு இன்னும் இரண்டைத் தேடிப் படியுங்கள் என்பேன். எத்தனை மழைநாட்கள்? வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது ஒரு மழைநாள். அடுத்து, இரண்டு மழைநாட்களுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை நாள் இடைவெளி விழுந்தது? இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பருவம் எப்படி இருந்தது என்று தெரியும்.

கண்மாய்களின் அருமையும் இங்கேதான் எனக்கு உறைக்கிறது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதைப் பல மாதங்களுக்கு வைத்துப் பிழைப்பதற்காகவே வெட்டப்பட்டவை அவை. மழை அந்தக் குணத்தை இன்னும் தீவிரமாகக் காட்டப் போகும் காலத்தில், வரத்துக்கால்வாயை அடைத்து மனை பிரிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பெரியப்பா வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி ஒன்றும் மாதக் காலண்டர் ஒன்றும் தொங்கும். மாதக் காலண்டரில் மழை பெய்த நாளுக்கு நேரே பென்சிலால் எழுதிவைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். செ.மீ. கணக்கெல்லாம் கிடையாது; "ஓர் உழவு மழை", "இரண்டு உழவு மழை", "தூறல்" என்றுதான் இருக்கும். ஏர் பூட்டி உழும் அளவுக்கு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. நான் அன்றைக்கு அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாதம் முழுக்க எழுதியிருப்பதைக் கூட்டினால் குறையென்று சொல்ல முடியாது. அவர் எழுந்து வந்து, எதுவும் எழுதாத கட்டங்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். பத்தொன்பது கட்டங்கள். "இந்தப் பன்னிரண்டாவது நாளில்தான் பூ கொட்டியது" என்றார்.